சாவி யாரிடம் இருக்கிறது?

என்னைப் பற்றி என் பழைய முதலாளி ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை. வேண்டுமானால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்வியால் சுற்றுவட்டாரத்தில் எந்த ரைஸ் மில்லிலும் எனக்கு வேலை கிடைக்காமல் போயிற்று.

அவர் பெரிய மிராசுதார். ஆட்சி மாறிய வாரத்திலேயே கூடத்துச் சுவரில் தலைவர் படத்தை மாற்றிவிட்டார். ஆணி மட்டும் பழைய ஆணி. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று காதில் விழுந்ததுமே உறவுக்காரர் அத்தனை பேர் பெயரிலும் நிலத்தைப் பிரித்து எழுதினார். ஆள் போதாமல் பசுமாட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, அதற்கு ஒரு தகப்பன் பெயரும் போட்டு எழுதினார் என்று ஊரில் பேச்சு. நான் அவர் பண்ணையில் கணக்குப்பிள்ளை. அறுவடையின்போது களத்தில் நின்று கூலி நெல்லை அளந்து போடுவதும் என் வேலைதான்.

அவரிடம் இரண்டு மரக்கால் இருந்தன. குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று, கூலி நெல்லை அளந்து கொடுக்க ஒன்று. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாங்குகிற அண்ணனுக்கு மட்டும் வயிறு கொஞ்சம் பெருத்திருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு வரப்பெல்லாம் கொடி நட்டிருந்தார்கள். தாசில்தார் முன்னிலையில் பேசி முடித்த புதுக் கூலியை அளக்க வேண்டிய முதல் நாள். களத்தின் ஒரு பக்கம் போலீஸ் வேன், மறுபக்கம் அறுத்து ஓய்ந்த சனம். அந்தப் பதற்றத்தில் நான் அண்ணன் மரக்காலைக் கையில் எடுத்துவிட்டேன். தவறுதலாகத்தான் எடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். பாதிப் பேருக்கு அளந்த பிறகுதான் கை கனப்பது உறைத்தது. அப்போது போய் மரக்காலை மாற்றினால் களத்தில் வெட்டுக்குத்தே நடந்திருக்கும். கடைசி ஆள்வரை அதிலேயே அளந்தேன்.

"ஐயாவுக்கு இன்னைக்குக் கை தாராளமா இருக்கே," என்று ஒரு அம்மாள் முந்தானையில் நெல்லை முடிந்துகொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். முகம் கடுகு போட்டால் வெடிக்கும்போல இருந்தது. ஆனால் என்னவென்று திட்டுவார்? 'ஏன் மாத்தி அளந்தே' என்று கேட்டால் மாற்றுவதற்கு இரண்டு இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பாவம், அவருக்குத் திண்டாட்டம்தான். வாசலில் இன்ஸ்பெக்டர் வேறு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு உடம்பு சரியில்லை போலருக்கு தம்பி. வீட்டோட இருந்து பாத்துக்க," என்றார்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான் போயிற்று.

எங்கள் பக்கத்தில் சர்டிபிகேட் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. புதிதாக ஆள் எடுக்கிறவர் பழைய முதலாளி வீட்டுக்கு நேரிலேயே போவார். ஆற்றில் தண்ணீர் வந்ததா, குறுவை தேறுமா என்றெல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்பார். என் முதலாளியும், "அவனா? நல்ல பையனாச்சே," என்பார். வந்தவர் நிம்மதியாகச் செருப்பை மாட்டுவார். அப்போதுதான் வரும்: "ஆமா, உங்க மில்லுல சாவியெல்லாம் யாருகிட்ட இருக்கு?"

அவ்வளவுதான். என்ன அக்கறை!

மன்னார்குடி மில்காரர் என்னைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். போனால், கல்லாவுக்குப் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். இடம் காலியில்லை என்றவர், மனசு கேட்காமல் முதலாளி கேட்ட கேள்வியையும் சொல்லி அனுப்பினார். வேதாரண்யத்தில் ஒரு உப்பு வியாபாரியிடம் போனேன். வெட்டவெளியில் குவித்துக் கீற்றுப் போட்டு மூடும் உப்புக்கு ஏது சாவி? அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

திருடன் என்று சொல்லியிருந்தால் பஞ்சாயத்தைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். ஒரு கேள்வியை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் வைப்பது? அதற்குள் வீட்டில் மச்சான் அனுப்பிய அரிசியில் உலை வைக்கும் நிலைமை வந்துவிட்டது.

முதலாளிக்கு ஒரு பங்காளி இருந்தார். சித்தப்பா மகன், இருவருக்கும் வாய்க்கால் வழக்கு, பேச்சுவார்த்தை கிடையாது. அவர் என்னைக் கூப்பிட்டார். "உன்னைப் பத்தி அப்படிக் கேட்டானாமே? அவனுக்கு ஆகாதவன்னா எனக்கு நல்லவன்," என்று அன்றைக்கே சாவிக்கொத்தை என் மடியில் போட்டார்.

இதைக் கேள்விப்பட்ட முதலாளி சும்மா இருப்பாரா? டீக்கடை, கோயில், கல்யாணப் பந்தி என்று போகிற இடமெல்லாம் என்னைப் புகழ ஆரம்பித்தார். "தங்கமான பையன்யா. வேலையை விட்டுப் போனாலும் விசுவாசம் போகல. அங்க நடக்குறதையெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லாட்டா அவனுக்குத் தூக்கம் வராது."

மறுநாளே பங்காளி கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வசவு வேலை வாங்கித் தந்தது, புகழ்ச்சி சீட்டைக் கிழித்தது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

வீட்டில்தான் சொன்னேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு வாயை ஏங்க மூடப் பாக்குறீங்க? வேலை கொடுக்குறவருக்கு எதைக் கேட்டாப் பிடிக்குமோ, அதை அவரு வாயாலேயே சொல்ல வைங்க."

கூட்டுறவு சங்கத்தில் கிடங்குப் பொறுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். அவருடைய அப்பா என் முதலாளிக்குக் குத்தகை நெல் அளந்தே முதுகு வளைந்தவர். நான் நேராக முதலாளி வீட்டுக்குப் போய்த் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, சங்கத்துல வேலை கேட்டிருக்கேன். தலைவரு விசாரிச்சா என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லணுங்க. சாவி விஷயம் மட்டும் வேணாங்க." குரலைக் கொஞ்சம் உடைத்தும் காட்டினேன்.

"சொல்லிட்டாப் போச்சு," என்றார். கண்ணில் அப்படி ஒரு கருணை.

அந்த வாரமே ஒரு கல்யாணத்தில் தலைவர் என்னைப் பற்றி விசாரிக்க, முதலாளி சங்கத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். தலைவர் என்னை அழைத்து விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டு பேர்ல பட்டா வாங்குன மனுஷன் சாவியைப் பத்திக் கேக்குறாரு. நெசத்துல என்னதான்யா பண்ணினே?"

இரண்டு மரக்கால் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கப்பா சாகுறவரைக்கும் நாந்தான் தப்பா அளந்துட்டேனோன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றார். எனக்கு வேலை கிடைத்தது.

சம்பாவுக்கு விதைநெல் வந்தபோது கிடங்கு வாசலில் கூட்டம். பெயர் மாற்றி எழுதியும் தப்பாமல் உச்சவரம்பில் போனது போக மீந்த நிலத்துக்காக முதலாளியும் வந்து வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால், அப்படிப் போன நிலத்தில் ஒரு துண்டு கிடைத்திருந்த அந்த முந்தானை அம்மாள். கிடங்கு இன்னும் திறந்திருக்கவில்லை.

"என்னப்பா இது, சாவி யாருகிட்ட இருக்கு?" என்று முதலாளி பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"எங்கிட்டதாங்க ஐயா."

அவர் முறை வந்தது. நெல்லைத் தராசில் வைத்தேன். முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "தராசு சரியா இருக்குமா?" என்று கேட்டார்.

"பயப்படாதீங்க ஐயா," என்றேன். "இங்க வாங்குறதுக்கும் குடுக்குறதுக்கும் ஒண்ணுதான்."

விதைநெல்லோடு ஒதுங்கி நின்றிருந்த அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். முதலாளி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.