தடம் இல்லாத நண்டு

திருவிடந்தைக் கடற்கரையில் ஒரு நண்டு வளையைப் படம் எடுத்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது: பாடம் நடத்தாமல் படத்தை மட்டும் காட்டிப் பிள்ளைகளையே கேள்வி கேட்க வைத்தால் என்ன? உற்சாகத்தில், வளையைச் சுற்றியிருந்த குப்பையையும் கோடு கோடான தடங்களையும் போனிலேயே அழித்து, மணலைப் பளபளவென்று ஆக்கினேன்.

சனிக்கிழமைதோறும் நான் பாடம் எடுக்கப் போகும் ஆறாம் வகுப்பில் அதைக் காட்டினேன். மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“சார், எங்க வூட்டாண்ட நண்டு போனா தடம் இருக்கும். இதுல இன்னா, ஒண்ணுமே காணோம்?”

“உன் நண்டு நடக்கும்டி, சார் நண்டு பறக்கும்!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

நான் ஏங்கிய கேள்வியே அதுதான். ஆனால் அழித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. “இது வேற வகை நண்டா இருக்கும்மா” என்று சமாளித்தேன். தினமும் நண்டைப் பார்க்கிறவள், என்னை நம்பி, ‘சில நண்டுக்குத் தடம் விழாது’ என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு உடம்பே கூசிப்போனது.

வரும் சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிறகு வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், அவளையே படம் எடுக்கச் சொல்லி, அதில் கை வைக்காமல் அப்படியே காட்டிப் பார்க்கப் போகிறேன்.