எடுக்கக் கூடாத போன்

செல்போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பச்சைப் பொத்தானை அமுக்குவார். உதட்டுக்குள் ஒரு பிஸ்மில்லா ஓடும். அது முடிவதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு மணி அடித்திருக்கும். உடனே கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விடும். திருவொற்றியூரில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள். சௌக்கத் அலி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜிப்பைத் தைக்க ஆரம்பிப்பார்.

எண்ணூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்கடை அவருடையது. டிபன் பை, பள்ளிக்கூடப் பை, வேலைக்குப் போகிற பெண்களின் தோள்பை, எதில் ஜிப் போனாலும் வார் அறுந்தாலும் அவரிடம்தான் வரும். விடியலில் கடையைத் திறந்ததும், தொங்குகிற பைகளின் மேல் ராத்திரி படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துணியால் தட்டுவார். தட்டிக்கொண்டே யாரையாவது திட்டுவார். ஆள் கிடைக்காவிட்டால் காற்றைத் திட்டுவார். அவர் வாயில் விழாத டிரைவர் அந்த நிலையத்தில் கிடையாது.

போன் விவகாரம் ஹென்றியால் வந்தது. ஹென்றி துறைமுகத்தில் குமாஸ்தா, திருவொற்றியூர்வாசி, முழங்கால் இரண்டும் போனவர். ரயில்வே கேட்டும் கன்டெய்னர் லாரிகளும் வழிவிட்டால்தான் பஸ் என்று இருக்கும் ஊரில், அவரால் ஸ்டாப்பில் நின்று காத்திருக்க முடியவில்லை. "வண்டி கெளம்புறப்போ ஒரு மிஸ்டு கால் குடு மேன் பாய்" என்று கேட்டார். பாய் கொடுத்தார். ஹென்றியைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. இதற்குக் காசு கேட்டால் வாங்கமாட்டார். "ஜிப்பு போனா என்னாண்ட வா. அது போதும்" என்பார்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஹென்றிக்கு வண்டி கிளம்பும் முன்பே அடிப்பார், அந்த முழங்கால் படியிறங்கி வரவேண்டுமே. கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிற சின்னப்பெண் ஒருத்திக்கு, வண்டி கேட்டைத் தாண்டிய செய்தி வந்த பிறகுதான் அடிப்பார். ஸ்டாப்பில் தனியாக நிற்கவிட்டால் அங்கே ஒரு சோம்பேறிக் கூட்டம் சீண்டுமாம். பெயர்களைப் போனில் ஏற்ற அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நம்பரின் கடைசி இரண்டு எண்தான் அவருக்குப் பெயர். "முப்பத்தெட்டு இன்னிக்கு லீவு", "அம்பத்தொன்னு மாசமா கீது, கொஞ்சம் சீக்கிரம் அடிக்கணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. அவர் அடித்தால் யாரும் எடுக்கக் கூடாது. திருப்பி ஒரு மணி அடித்து நிறுத்தினால் 'தெரிஞ்சுது' என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அறியாமல் எடுத்து அலோ என்றுவிட்டார். அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு பஸ் நிலையத்துக்கே கேட்டது. "பேசுறதுக்கா போனு? காதுல வச்சா பேசத் தோணும். பேசுனா காசு. வண்டி வந்துதா, மணி அடிச்சிதா, போய்க்கினே இரு!" அவர் போனைக் காதில் வைத்து யாரும் பார்த்ததில்லை.

பேச்சின் மேல் அவருக்கு இருந்த பயத்துக்குக் காசு மட்டும் காரணம் இல்லை. தாயில்லாத ஒரே மகள் மலிகா. அவள் வியாசர்பாடி பீம்ராவைக் கட்டிக்கொண்டு போனபோது, சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று, "இனிமே அவகிட்ட ஒரு வார்த்த பேசுனா இந்த நாக்கு அறுந்து வுழட்டும்" என்று சொன்னவர் அவர். சொன்ன சொல்லில் நின்றார். ரோஷக்காரர் என்று பெயரும் எடுத்தார். அந்தப் பெயர் ராத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தராது என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் பூவம்மா வந்தாள். ராயபுரத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். அறுந்த பையை நீட்டிக்கொண்டே, "பாய், இந்த நம்பரையும் சேத்துக்கோ. என்கூட வேல செய்ற பொண்ணு. திருவொத்தியூர் உள்ரோட்ல ஏறுவா. யாரு இன்னான்னு கேக்காத" என்றாள். சொன்னவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சௌக்கத் அலியும் கேட்கவில்லை. பதினேழில் முடிகிற நம்பர். மறுநாள் காலை அந்த நம்பருக்கு ஒரு மணி அடித்தார். திருப்பி ஒரு மணி வந்தது.

மணி அடிப்பது பேச்சு ஆகாது, கொடுத்த வாக்கும் கெடாது. எந்த வக்கீலுக்கும் தோன்றாத வழி. மழையோ புயலோ, ஞாயிறு தவிர ஒரு காலை தவறியதில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பூவம்மா, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "பதினேழுக்கு இனிமே முன்னாடியே அடி பாய். கொயந்தைய பக்கத்து வூட்ல வுட்டுட்டு ஓடியாரணும்." ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து முன்னாடியே அடித்தார்.

ஐப்பசி மழையில் பஸ்கள் தறிகெட்டு ஓடிய வாரத்தில் பூவம்மா மறுபடி வந்தாள். "பதினேழு ரொம்ப பேஜார்ல கீது பாய். வூட்டுக்காரரு கால ஒடச்சிக்கினு படுத்துகீறாரு. இவ சம்பளந்தான். அதுலயும் லேட்டு லேட்டுன்னு மேடம் கண்டிஷனா சொல்ட்டாங்க. இன்னொரு தபா லேட்டா வந்தா அப்டியே வூட்டுக்குப் போய்க்கினே இருன்னு."

"வண்டி வந்தா அடிக்கப் போறேன். நான் இன்னா லேட்டா அடிக்கிறனா?" என்று எரிந்து விழுந்தார். அன்று சாயங்காலம் வரை யார் பையையும் ஒழுங்காகத் தைக்கவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விடியலில், கடையைத் திறக்கும்போதே டைம் கீப்பர் தவசிமுத்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "பாய், இன்னிலேர்ந்து உள்ரோட்ல வண்டி கெடையாது. கால்வாய்க்குத் தோண்டிப் போட்டுகீறாங்க. எல்லா வண்டியும் கடலோரமா போவுது. ராத்திரிதான் ஆர்டர் வந்துது."

சௌக்கத் அலி போனை எடுத்தார். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது. வண்டி வருகிறது என்று சொல்ல அவரிடம் ஒரு மணி இருந்தது. வண்டி வராது என்று சொல்ல மணி கிடையாது. அடித்தால் எல்லோரும் ஓடிப்போய் வராத வண்டிக்கு நிற்பார்கள். அடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அங்கேதான் போய் நிற்பார்கள். உள்ரோட்டிலிருந்து கடலோர ரோட்டுக்கு வேகமாக நடந்தாலே கால் மணி நேரம். பேசித்தான் ஆகவேண்டும்.

ஹென்றிக்கு அடித்துக் காத்திருந்தார். ஹென்றி துண்டித்தார். மறுபடி அடித்தார். மறுபடி துண்டித்தார். பாயின் விரல் தவறிவிட்டது, பாவம், காசு போகப்போகிறது என்ற நல்லெண்ணம். நாலாவது முறைதான் எடுத்தார். "இன்னா மேன் பாய், கை மாட்டிக்கிச்சா? வையி மேன், காசு போவுது!"

"வைக்காத ஹென்றி, வைக்காத! கேளு, கடல் ரோட்டுக்குப் போ!" போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினார்.

எல்லோரும் அப்படித்தான். அவர் போட்ட சட்டம் அவருக்கே வேலியாகிவிட்டது. துண்டித்துத் துண்டித்து, கடைசியில் எடுத்து, நம்பாமல் கேட்டு, சரி பாய் என்று வைப்பதற்குள் ஒவ்வொருவரும் காசைத் தின்றார்கள். மிஸ்டு காலுக்கென்றே வைத்திருந்த போனில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

பதினேழைத் தள்ளிக்கொண்டே போனார். பூவம்மாவிடம் சொல்லிவிடச் சொல்லலாம் என்று பார்த்தால், அவளுக்கு நைட் டியூட்டி, போன் அணைந்து கிடந்தது. தவசிமுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது வண்டி எடுக்கப் போறாங்க பாய்" என்றார். அது பதினேழின் வண்டி. கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளம் தோண்டிய ரோட்டில் போய் நிற்பாள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நாக்கு அறுந்து விழுந்தால் விழட்டும்.

அடித்தார். துண்டித்தாள். மறுபடி அடித்தார். மறுபடி துண்டித்தாள். மூன்றாவது முறை மணி இரண்டு, மூன்று என்று போய் நின்றது.

"அத்தா?"

கையெட்டும் தூரத்திலிருந்தே மகளின் குரல் அவருக்குக் கேட்டது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அத்தா, நீங்களா? சொல்லுங்கத்தா."

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் கத்திய அதே நாலு வார்த்தை. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இத்தனை காலம் ஒரு மணி அடித்ததும் என்ன செய்து பழகியதோ, அதையே கட்டைவிரல் செய்துவிட்டது.

சிவப்புப் பொத்தான் அமுங்கியதைப் பார்த்துப் பதறிப்போய் மறுபடி அடித்தார். பதிவுசெய்த ஒரு பெண் குரல், அவர் கணக்கில் போதிய பணம் இல்லை என்று திருத்தமான தமிழில் தெரிவித்தது. நிலையத்து வாசலில் இரண்டாவது வண்டி உறுமிக் கிளம்பிக் கடல் பக்கம் திரும்பியது. அவருடைய உள்ளங்கையில் போன் ஒளிர்ந்தது. பதினேழு. ஒரே ஒரு மணி. நின்றுவிட்டது.

தெரிஞ்சுது என்கிறாள். வண்டி வருகிறதென்று கிளம்பிவிட்டாள்.

மடியிலிருந்த பை தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல் சௌக்கத் அலி எழுந்து நின்றார். ஓய்ந்துபோன போனைக் காதோடு வைத்து, இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டு, "மலிகா" என்றார். "மலிகா, அங்க நிக்காதம்மா. வண்டி வராது. கடலோரமா வா."

இருட்டாகிப்போன திரை காதிலேயே இருந்தது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.