மச்சான் அழிக்கச் சொன்ன சேலைக் கரை

இன்று சேவூர்ப் பேருந்தில், பட்டுச்சேலைக் கரைகளைக் கணினியில் வரையும் நண்பர் குமாரைக் கண்டேன். வணிகர் ஒருவர், தம் கரை வடிவத்தைக் குமார் திருடிவிட்டதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்.

"கம்ப்யூட்டர எடுத்துகினு நாளைக்கு வரச் சொன்னாங்கண்ணா. மச்சான் சொன்னாரேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அந்தக் கரையை முதலில் வரைந்தவர் யார்?"

"நான்தாங்கண்ணா. போன வருசம் வரைஞ்சது. தேதியோட கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சி."

கொதித்துப்போனேன். குற்றமற்றவர் தம்மைக் காக்கும் சான்றைத் தம் கையாலேயே அழித்திருக்கிறார். இனி அழித்ததையே குற்றமென்பார்கள்.

நண்பர்களே, விசாரணை என்றால் கணினியில் எதையும் அழிக்காதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் கணினியை ஒப்படைக்காதீர்கள்.

"மச்சான் இப்போது எங்கே?"

"போன எடுக்க மாட்றாருண்ணா."

இத்தகைய சட்டமேதை உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் உங்களுக்கு என்ன உறவு? கீழே எழுதுங்கள்.