நாலு இருமல்

என் மனைவி இறந்த மூன்றாம் மாதம் மாமியார் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் என் வீட்டுக்கு வந்தார். இடுக்கி மலையில் சாந்தன்பாறையில் ஏலத் தோட்டத்து வேலையிலிருந்த மகனோடு அவர் இருந்துவந்தார். அந்த மகனின் கல்யாணத்தில் என் மனைவி பாடியதைச் சிங்கப்பூர் உறவினர் ஒருவர் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அதைக் கேட்க வேண்டும் என்றார் மாமியார்.

"பொட்டி, தபலாவெல்லாம் வேண்டாமுங்க மாப்பிள்ளை. அவ கொரலு மட்டும் தனியாக் கேக்கோணும்."

பொட்டி என்றது ஆர்மோனியத்தை. சரி என்றேன். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உறவினர் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் ஊர் திரும்பும் முன் அவருடைய ரெக்கார்டரையும் டேப்பையும் இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு பக்கத்துச் சித்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டார்.

"ரண்டு மைக்கு வெச்சிருக்கறாங்க. பாட்டு ஒரு பக்கம், பக்கவாத்தியம் ஒரு பக்கம். ஒரு ஒயரப் புடுங்கிட்டா கொரலு மட்டும் கேக்கும். அதைய வேற டேப்புல ஏத்தித் தாறனுங்க."

ஒயரைப் பிடுங்கினார். ஆர்மோனியம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதுபோல எங்கோ தூரத்தில் முனகியது. அவள் குரல் அருகில் வந்து நின்றது. மூச்சு இழுப்பது கேட்டது. வளையல் உரசுவது கேட்டது. நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடி முடிந்து ஆர்மோனியம் மட்டும் வாசிக்கும் இடத்தில் அவள் இருமினாள். வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். பாட்டு முடிவதற்குள் நாலு தடவை. கல்யாணப் பந்தலில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் கழித்துத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"இதைய வெட்டீறலாமுங்களா? பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

"வெட்டீருங்க."

ஏற்றிய டேப்பை பிளேடால் நாலு இடத்தில் அறுத்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். அறுந்த துண்டுகள் மேசையில் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் சாண் நீளம்கூட இல்லை. ஊதித் தள்ளிவிட்டார்.

உறவினர் ரெக்கார்டரையும் பழைய டேப்பையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போனார். அங்கே அதில் வேறு எதையோ பதிவு செய்துவிட்டதாகப் பின்னால் எழுதினார்.

மாமியார் அதற்குள் மகனிடம் திரும்பியிருந்தார். பொள்ளாச்சி, பழனி, போடி என்று பஸ் மாறி மாறி நான் சாந்தன்பாறை போய்ச் சேர்ந்தேன். மைத்துனன் தோட்டத்துக் கிளார்க்கிடம் ரெக்கார்டர் வாங்கி வந்தான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் கேட்டார்.

"நடுவுல இருமுவாளே, அது எங்கீங்க?"

நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

"நான் பக்கத்துலயே உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தனுங்களே. இருமல் வந்தா என்ற கையப் புடிச்சுக்குவா."

"வெட்டச் சொல்லீட்டனுங்க அத்தை. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "செரி, கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றார். சாப்பிட்டேன். உள்ளறையில் பாட்டு மறுபடி ஓடியது. ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் அவர் லேசாகத் தலையைத் தூக்குவது தெரிந்தது.

மறுநாள் காலையில் கிளம்பினேன். செய்தது தப்பு என்று தெரிந்தது. தெரிந்ததற்கு மேல் அழுகைகூட வரவில்லை. போடிமெட்டு இறக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மணி கேட்டார். பார்த்துச் சொன்னேன்.