அம்சவேணியின் முறைத் தண்ணீர்

நாகலாபுரத்துப் பக்கத்தில் அம்சவேணிக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. கணவன் இறந்தபிறகும் குத்தகைக்கு விடாமல் தானே மண்வெட்டி பிடித்தவள். அந்தப் பக்கத்து ஊர்கள் மெட்ராஸ் மாநிலத்திலிருந்து பிரிந்து ஆந்திராவோடு சேர்ந்த சித்திரையில் ஏரி வற்றிக்கொண்டு வந்தது. நவரை நெல் பால் பிடிக்கிற நேரம். ஆளுக்கு அரை நாள் முறைத் தண்ணீர். தவறவிட்டால் ஊரெல்லாம் சுற்றி வந்தபிறகுதான் மறுபடி.

அவளுடைய முறை நாளாகப் பார்த்துத்தானா மெட்ராஸ் கம்பெனியின் ரைஸ்மில்லில் உமிக் குவியல் பற்றிக்கொள்ள வேண்டும்! தண்ணீர் இறைக்கிற எஞ்சின் கொட்டகையை நெருங்க முடியாததால் மில் கிணறு இருந்தும் உதவவில்லை. திருவள்ளூர்த் தீயணைப்பு வண்டி இனி எல்லை தாண்டி வருமா, ஆந்திரப் பக்கம் புத்தூருக்கு ஆள் அனுப்புவதா என்று மேனேஜர் சிட்டிபாபு கையைப் பிசைந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்கள் கத்தினார்கள். அம்சவேணி யாரையும் கேட்கவில்லை. கால்வாயை வெட்டி, வந்த தண்ணீர் முழுவதையும் மில் முற்றத்துக்குத் திருப்பினாள். ஊரே குடம் குடமாக மொண்டு ஊற்றியது. எல்லாரும் பிழைத்தார்கள்.

மறுநாள், இன்னொரு முறை தண்ணீர் கேட்டு, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் முனிரத்தினத்திடம் போனாள்.

"உன் முறைய உனக்கு வுட்டாச்சும்மா. நீ அத்த எங்க திருப்பினா நான் இன்னா பண்றது? மத்தவங்க பயிரும் காஞ்சிக்கினுதானே கீது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மில்லுக்குப் போனாள். காசு கேட்கவில்லை.

"உங்க எஞ்சின்தான் ஓடுதே சார். ஒரு பொழுது என் கழனிக்கு எறச்சி வுடுங்க."

"மெட்ராஸ் ஆபீசுல கேக்கணும்மா. தீய அணைக்கிறது கவர்மெண்ட் வேலைன்னு சொல்றாங்க" என்றார் சிட்டிபாபு.

தாலுக்கா ஆபீசில், அது கம்பெனி விவகாரம் என்று தெலுங்கில் சொல்லி அனுப்பினார்கள். தெலுங்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பதில்தான் புரியவில்லை. தான் அணைத்தது யாருடைய நெருப்பு என்றே குழம்பிப்போனாள். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது; அவளுக்கோ கோபப்படக்கூட ஓர் ஆள் அகப்படவில்லை. அதற்குள் பாதிக் கதிர் பதராகிவிட்டது.

அறுவடை முடிந்து தூற்றிக்கொண்டிருந்தபோது சிட்டிபாபுவே களத்துக்குச் சிரித்தபடி வந்தார்.

"மெட்ராஸ்லேர்ந்து பதில் வந்துட்சிம்மா!"

முறத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே மில்லுல தீப்பிடிச்சா தண்ணிக்கு இன்னா ஏற்பாடுன்னு கேட்டிருக்காங்க. உன் கால்வாயச் சொல்லிட்டேன். உன் பேரையும் குடுத்துட்டேன்."

அம்சவேணி காலடியில் கிடந்த பதரைப் பார்த்தாள்.

"சரி சார். என் பயிரு காஞ்சா யாரு பேரச் சொல்றது?"

சிட்டிபாபு மெட்ராஸ் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் படித்தார்.

"அத்த அவங்க கேக்கலியேம்மா" என்றார்.