டிஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு

தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் சரியில்லை. லிங்கி சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அவனை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போயிருந்தது. கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் அவன் வாசலைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் "ம்" என்பான். இப்படியே அறைக்குள் கிடந்து இல்லாமலே போய்விடுவானோ என்று எனக்குப் பயம். தினமும் காலையில் அவன் கதவைத் தட்டிவிட்டு, அந்த "ம்" வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

பள்ளி நாளிலிருந்து நாங்கள் இருவரும் டிவியில் பார்த்த விண்வெளித் தொடரை வீடியோ கேமாக்குகிறார்கள் என்று செய்தி வந்தபோதுதான் முழுசாக ஒன்று பேசினான். "அக்கா, கப்பலை நாமளே ஓட்டலாமாம்." வெளிவந்த அன்றே வேலை முடிந்து அம்பாங்கான் கடைத்தெருவில் இறங்கி கேம் டிஸ்க்கை வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். ரைஸ் குக்கர், என் லேப்டாப் எல்லாம் சந்தனப் பொட்டு வாங்கியவை. அம்மா டிஸ்க்கையும் எடுத்தார். மேல்பக்கம் தொடரில் வரும் வேற்றுக்கிரக ஜந்து பல்லைக் காட்டியது. "இந்தப் பேய் மூஞ்சிக்கா பொட்டு வைப்பாங்க?" என்று திருப்பி, பளபளவென்ற பக்கத்தில் நன்றாக அழுத்தி வைத்துவிட்டார். நான் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. துடைத்தும் கறை லேசாகத் தங்கிவிட்டது.

கேம் படுமட்டம். கப்பல் தலைவர் பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. சின்ன வயதில் போர்வைக்குள் ஒளிந்து பார்த்த ஜந்துகள் பாதி சுவருக்குள் மாட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கப் பயமில்லை, தம்பியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். ஒரு கதவைத் திறந்ததும் படம் அப்படியே நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தான். அதே கதவு. கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

"நான்தான் கெடுத்துட்டேன்யா, பொட்டு வச்சி," என்றார் அம்மா.

தம்பி போனில் தேடினான். "இல்லம்மா. வாங்குனவன் எல்லாம் திட்டுறான். எல்லாருக்கும் இதே கதவுலதான் நிக்குது. கேமே சொத்தை லா." பிறகு குரல் ஏறியது. "இத்தனை நாள் காத்திருந்தது இதுக்கா? கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வரேன்." மோட்டார் சாவியை எடுத்தான்.

இதற்குத்தானே வேண்டிக்கொண்டேன்? ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மழை வரும்போல இருக்கு. நான் போறேன்டா."

"நீ போனா இளிச்சிட்டு வந்துருவ."

பழுது பார்த்து, ஞாயிறுதோறும் நான் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்த மோட்டார் உடனே கிளம்பியது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். முன்விளக்குக்கு மேல் பொட்டு வைக்கும்வரை தம்பி காத்திருந்துவிட்டுப் போனான்.

செம்பனை மரங்களுக்குப் பின்னால் சத்தம் தேய்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு லோரி ஹாரனுக்கும் அம்மா என் கையை இறுக்கினார். போன் போட்டால் ஓட்டிக்கொண்டே எடுப்பானோ என்று அதற்கும் பயம். சாலையில் எங்கே கிடக்கிறானோ என்று மனம் கண்டதையும் நினைத்தது.

போன் அடித்தது. யார் என்று பார்க்காமலே எடுத்தேன்.

"அக்கா, கடைக்காரன் எடுத்துக்க மாட்டேங்கிறான் லா. டிஸ்க்ல ஏதோ மஞ்சள் கறையாம்."

சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. போனை அம்மாவின் காதில் வைத்தேன். கேட்டுக்கொண்டே அழுதார்.

"என்னைத் திட்டுய்யா, நல்லா திட்டு," என்றார். "ஆனா மழை விட்டப்புறம் வாய்யா."