இடது ஓரத்து மங்கல்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பாசாரில் மீன் வாங்கினால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், பிறகு தராசைப் பார்ப்பேன், அதற்கும் பிறகு மீன்காரரின் முகத்தைப் பார்ப்பேன். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். தாலி கட்டும் நேரத்தில் யாராவது ஒரு மாமா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நிற்பார் என்று முன்கூட்டியே சந்தேகப்பட்டு, இடம் மாறி நிற்பவள் நான். அப்படிப் பல தாலிகளைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதனால் என் ஜூம் லென்ஸ் தம்பியிடம் போய்த் திரும்பி வந்தபோது, அது அப்படியே திரும்பி வந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தம்பி கிள்ளானில் இருக்கிறான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆள் குறைத்தபோது அவனையும் குறைத்துவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவன் என்னோடு வந்து படம் எடுக்கப் பழகினான். சுமாராக வரும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்தது. பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகள் தங்கள் வருடாந்திர விருந்துக்கு அவனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து நின்றான்.

"அக்கா, அந்த ஜூம் லென்ஸ மட்டும் குடு. ஒரு நாள்தான்லா."

கொடுத்தேன். சரஸ்வதி பூஜை அன்று காலையில் உறையோடு கொண்டுவந்து தந்தான். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். உறையிலிருந்து எடுத்தேனே தவிர, மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேமரா, பிளாஷ், முக்காலி, மடிக்கணினி, கார் சாவி எல்லாவற்றோடும் லென்ஸையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, சூடம் காட்டினேன். தம்பி சுண்டல் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரக் கடைசியில் பூச்சோங்கில் ஒரு வளைகாப்பு. மறுநாள் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இடது ஓரத்தில் நின்ற ஆன்டிகளின் முகம் மட்டும் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்த படத்தில் வேறு ஆன்டிகள், அதே அப்பளம்.

லென்ஸ் கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். படம் எடுக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தம்பி அதைக் கீழே போட்டுவிட்டான், போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் சுண்டல் தின்றிருக்கிறான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

என் மீது மட்டும் தப்புச் சொல்ல முடியாது. சின்ன வயதில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சாக்கடையில் விட்டவன் அவன். திரும்பிக் கொண்டுவந்து, மட்கார்டு நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோதுதான் நான் பார்த்தேன். அவனுக்குத் தலையில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது, ஆனால் அந்த மட்கார்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அடுத்த மாதம் கிள்ளானில் ஒரு பெரிய கல்யாணம். இரண்டு கேமரா கேட்டிருந்தார்கள். இரண்டாவது கேமராவைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் பெயரைச் சொல்லி அவன் செய்யப்போகும் முதல் கல்யாணம் அது. நன்றாகச் செய்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள், அவனும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம். கீழே போட்டதை மறைப்பவனை மணவறைப் பக்கம் எப்படி விடுவது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று கூப்பிட்டேன். கோழிப் பிரட்டல் என்றும் சொன்னேன். எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

அவன் வருவதற்குள் ஹால் சுவரில் தமிழ்ப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தேன். லென்ஸைச் சோதிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது. மூலைக்கு மூலை சின்னச் சின்ன முகங்கள், அவற்றுக்குக் கீழே பொடி எழுத்து. முக்காலியை எதிரே போட்டு, கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்து அளந்தேன். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று பார்த்தான்.

"செத்தவங்க மூஞ்சிய வச்சா டெஸ்ட் பண்ற? பாவம்லா அக்கா."

"அவங்க அசைய மாட்டாங்க. நீ அங்க உக்காரு."

லென்ஸுக்குள் இருக்கும் துளையை முழுக்கத் திறந்தால் எண் 2.8. வெளிச்சம் கொட்டும், லென்ஸின் குறைகளும் கூடவே வெளியே வரும். துளையைச் சுருக்கச் சுருக்க எண் ஏறும், குறைகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நான் 2.8-இல் ஒன்று எடுத்தேன். பிறகு 4, 5.6, 8, 11. கை பட்டு ஆடக் கூடாது என்று டைமர் வைத்தே எடுத்தேன். எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். 2.8-இல் வலது ஓரத்து அங்கிளின் மீசையில் நரைமுடி தெரிந்தது. இடது ஓரத்துப் பாட்டிக்கு மூக்கே இல்லை. 4-இல் மூக்கு வந்தது. 8-இல் மூக்குத்தியும் வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றேன்.

"எட்டுல நல்லாத்தானே இருக்கு."

"எட்டுல எந்த லென்ஸும் நல்ல புள்ளதான்."

அவன் கைப்பேசியை எடுத்து விருந்துப் படங்களைக் காட்டினான். வரிசை வரிசையாகத் தொழிற்சாலை ஆட்கள், ஓரம் வரை தெளிவாக. நான் சும்மா விடுவேனா? எந்த எண்ணில் எடுத்தாய் என்று கேட்டேன். எல்லாமே எட்டு என்றான்.

"ஏன் எட்டுல எடுத்த? ஓரம் தெரியக் கூடாதுன்னா?"

"நீதானேக்கா சொன்ன, குரூப் போட்டோன்னா எட்டு வைன்னு."

சொன்னது நான்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சுவர் கோணலாக இருக்கலாம் என்றான். கேமராவைப் புத்தகங்களின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து எடுத்துக் காட்டினேன். மங்கல் தாளின் வலப்பக்கத்துக்கு மாறியது. சுவர் தப்பித்தது. கேமராவில் கோளாறாக இருக்கலாம் என்றான். வேறு லென்ஸை மாட்டி எடுத்தேன். ஓரம் வரை தெளிவு. கேமராவும் தப்பித்தது; பழையபடி ஜூமையே மாட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். பாக்கி இருந்தது லென்ஸும் அவனும்தான்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிரட்டலின் மேல் எண்ணெய் படிந்துவிட்டது. அவன் ஒரு முறை சமையலறைப் பக்கம் பார்த்தான், ஒரு முறை சுவரில் இருந்த முகங்களைப் பார்த்தான்.

"சரிக்கா. நான்தான் போட்டேன்."

"எங்க?"

"விருந்துலதான். மேசையிலேர்ந்து உருண்டுருச்சு."

எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். என் கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, கிள்ளான் கல்யாணத்துக்கு நீ வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் சரி என்றான். சோறு போட்டேன். தலையைத் தூக்காமல் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், கொமுட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

மறுநாள் காலை லென்ஸைப் பழுது பார்க்கக் கொண்டுபோகலாம் என்று கேமராவிலிருந்து கழற்றினேன். பின்பக்க மூடியைப் போட்டுத் திருகினால் முழுதாகத் திரும்ப மறுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கேமராவோடு ஒட்டி உட்காரும் உலோக வளையத்தின் ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. மூக்கின் அருகில் கொண்டுபோனேன்.

சந்தனம்.

பூஜை அன்று லென்ஸுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் வைக்க முடியாது, ரப்பரில் வைத்தால் கறை போகாது. கடைசியில் பின்பக்க மூடியும் லென்ஸும் சேரும் இடத்தில், நன்றாகக் குழைத்து, தாராளமாக அப்பினேன். அது உள்ளே இறங்கியிருக்கிறது. மூடியைத் துடைத்தேன், வளையத்தைப் பார்க்கவில்லை. காய்ந்த சந்தனத்தின் மேல் லென்ஸை மாட்டி முறுக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் மயிரிழை உயர்ந்து, லென்ஸே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஈரத் துணியால் வளையத்தைத் துடைத்து, உலர்த்தி, மாட்டினேன். நினைவஞ்சலிப் பக்கம் சுவரிலேயே இருந்தது. 2.8-இல் ஒன்றே ஒன்று எடுத்தேன். இடது ஓரத்துப் பாட்டியின் மூக்குத்தியில் கல் இருந்தது.

லென்ஸ் நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அப்படியானால் அவன் எதைக் கீழே போட்டான்? ஃபோன் செய்தேன்.

"டேய், லென்ஸு விழவே இல்ல. சந்தனம் ஒட்டியிருந்துச்சு. நான் வச்ச சந்தனம்."

"ஓ."

"நீ எதுக்குடா போட்டேன்னு சொன்ன?"

சாலையோரம் நின்றிருந்தான் போல, மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"இல்லேன்னு சொன்னா நீ இன்னும் நூறு படம் எடுப்பக்கா. ஆமான்னு சொன்னாத்தான் சோறு போடுவ. பசிச்சிச்சுலா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்துவிடு, இரண்டாவது கேமரா உனக்குத்தான் என்றேன். சரிக்கா என்றான். முந்தின நாள் வேண்டாம் என்றபோது சொன்ன அதே சரி.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனை அழைத்து, அந்த லென்ஸையே அவன் கையில் கொடுத்தேன். அதுதான் எனக்குக் கேட்கத் தெரிந்த மன்னிப்பு. வாங்கியவன் அதை மாட்டவில்லை. மேசை மேல் வைத்து, கைப்பேசியை எடுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பின்பக்க வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு மாட்டி, 2.8 வைத்து, மணவறைப் பூச்சுவரை ஒரு படம் எடுத்து, இடது ஓரத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினான்.

"பாத்துக்கக்கா. வாங்கும்போது இப்படி இருக்கு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்று நன்றாகவே எடுத்தான், தாலி கட்டும் படம் என்னுடையதைவிட அவனுடையது மேல். மண்டபத்தைக் கூட்டத் தொடங்கியபோது லென்ஸைத் திருப்பித் தந்தான், மறுபடி அதே மாதிரி சுற்றிலும் படம் எடுத்துக் காட்டிவிட்டு.

அதற்குப் பிறகு அவனுக்கு மூன்று நான்கு கல்யாணங்கள் கிடைத்துவிட்டன. என்னிடம் எதை இரவல் வாங்கினாலும் இப்போது அப்படித்தான் செய்கிறான். குடை வாங்கினால் குடைக்குப் படம். கார் வாங்கினால் நாலு கதவுக்கும் படம். போன வாரம் அவன் மனைவிக்காக என் இட்லிப் பானையை எடுத்துக்கொண்டு போனான். திருப்பித் தருவதற்கு முன்னால் என் கைப்பேசிக்குப் படம் வந்தது. மூடி ஒன்று, தட்டுகள் ஒன்று, அடிப்பாகம் ஒன்று. கீழே, "ஓகேவாக்கா?" என்று கேட்டிருந்தான்.

இப்படியெல்லாம் அனுப்பாதேடா என்று எழுதத் தொடங்கினேன். எழுதுவதற்கு முன்னால், விரல் தானாகப் போய், அடிப்பாகத்தின் படத்தைப் பெரிதாக்கி, இடது ஓரத்தைப் பார்த்தது.